மீன்கொத்திக்கு முன்னால் அரை நொடி

காலை ஏழு மணி. ஆவடி பருத்திப்பட்டு ஏரிக்கரையில் நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள் இரண்டாம் சுற்றை முடிக்கப் போகிறார்கள். நான் முக்கால் மணி நேரமாக ஒரே இடத்தில் நிற்கிறேன். எதிரே, தண்ணீருக்கு மேல் இரண்டு ஆள் உயரத்தில், ஒரு கருப்பு வெள்ளை மீன்கொத்தியும் ஒரே இடத்தில் நிற்கிறது. பிடித்துக்கொள்ளக் கிளை இல்லை, கம்பி இல்லை, அந்தரத்தில் நிற்கிறது. சிறகு இரண்டும் விசிறியாய் அடிக்க, வால் விரிந்து கீழே மடங்க, உடம்பு கிட்டத்தட்டச் செங்குத்தாக நிமிர்ந்திருக்கிறது. தலை மட்டும் ஆணி அடித்ததுபோல் அசையவில்லை. அலகு நேர்கீழே தண்ணீரைக் குறிவைத்திருக்கிறது.

“இன்னா சார், கொக்கா?” என்று பக்கத்தில் ஒரு குரல். மேல்சட்டையில் வியர்வை படிந்த ஒரு பெரியவர். கண்ணை எடுக்காமல் “மீன்கொத்தி, ஐயா” என்றேன். அந்த “ஐயா”வுக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. விரல் பொத்தானை அழுத்தியபோது திரையில் இருந்தது ஒரு வளையம். தண்ணீர் மேல் விரிந்துகொண்டிருந்த அழகான, காலியான வளையம்.

முதல் குளிர்காலம் முழுக்க நான் எடுத்தவை இந்த வளையங்கள்தான். வீட்டில் ஒருநாள் கணினியில் படங்களைப் பார்த்த என் அக்கா, “ஏரியில யாரோ கல்லு போட்டுட்டே இருக்காங்க போல” என்றாள்.

அம்பத்தூரிலிருந்து மின்சார ரயிலில் ஏறினால் திருமுல்லைவாயில், அண்ணனூர் தாண்டி மூன்றாவது நிறுத்தம் ஆவடி. அங்கிருந்து பூந்தமல்லி போகும் சாலையில் இருக்கிறது பருத்திப்பட்டு ஏரி. 2019-இல் சுற்றிலும் நடைபாதை போட்டுப் பசுமைப் பூங்காவாக்கினார்கள். அதே சாலையில் மேலும் போய், பூந்தமல்லியைத் தாண்டினால் செம்பரம்பாக்கம். இந்தப் பக்கம் அம்பத்தூர் ஏரி நிரம்பினால் கொரட்டூர் ஏரிக்கும், அது நிரம்பினால் ரெட்டேரிக்கும் தண்ணீர் போக வேண்டும். அப்படித்தான் நம் முன்னோர் வெட்டி வைத்தார்கள். சென்னையின் மேற்குப் புறநகர் என்றால் தொழிற்பேட்டை, டாங்கித் தொழிற்சாலை, கன்டெய்னர் லாரி என்றுதான் பலருக்கு நினைவு. வரைபடத்தில் பார்த்தால் இது ஏரிகளின் ஊர். இடைவெளியில்தான் நாம் குடியிருக்கிறோம்.

வேகமாகப் பறக்கும் பறவையைப் படமெடுக்க வால்பாறைக்கோ பரத்பூருக்கோ போக வேண்டும் என்று நானும் நம்பியிருந்தேன். மின்னல் வேகத்தில் பாயும் பறவைகள் அத்தனையும் ரயில் நிலையத்திலிருந்து ஷேர் ஆட்டோ தூரத்தில் இருக்கின்றன. வராதது படம்தான்.

கணக்கு போட்டுப் பார்த்தால்

ஏன் வரவில்லை என்பதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. ஓர் ஆலா மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு 11 மீட்டர். 600 மி.மீ. லென்ஸில் 30 மீட்டர் தொலைவைப் பார்த்தால் சட்டத்துக்குள் அடங்குவது குறுக்கே 1.8 மீட்டர்தான். பறவை அதை ஆறில் ஒரு பங்கு நொடியில் கடந்துவிடும். கண் பார்த்து, மூளை சொல்லி, விரல் அழுத்த நமக்கு ஆகும் நேரம் ஐந்தில் ஒரு பங்கு நொடி. ஆக, பார்த்த பிறகு அழுத்தினால் பறவை ஏற்கெனவே சட்டத்தை விட்டு வெளியே போயிருக்கும். எவ்வளவு விலைக் கேமரா வாங்கினாலும் இந்தக் கழித்தல் கணக்கு மாறாது.

ஷட்டர் வேகம் அடுத்த கட்டம். 1/500 நொடியில் அந்த ஆலா 22 மி.மீ. நகர்ந்துவிடும், இறகெல்லாம் கரைந்து பஞ்சுபோல் விழும். 1/2000-இல் ஐந்தரை மி.மீ. கண்ணில் ஒளிப்பொட்டு தெரியும். சிறகு நுனி உடம்பைவிட வேகமாக அசைவதால் மீன்கொத்திக்கு நான் 1/3200-க்குக் கீழே இறங்குவதில்லை. அதற்கு வெளிச்சம் வேண்டும். ஆறரை மணிப் பொன்னொளியில் ஐஎஸ்ஓ எகிறிப் படம் மணல் கொட்டியதுபோல் ஆகும். அழகான வெளிச்சம் இருக்கும்போது வேகம் கிடையாது, வேகத்துக்குப் போதிய வெளிச்சம் வரும்போது அழகு பாதி போயிருக்கும். ஏழே காலிலிருந்து எட்டரை வரை ஒரு சின்ன சமாதானக் காலம் உண்டு. பறவைப் படமெடுக்கும் எங்கள் ஆட்கள் அதற்குத்தான் அலாரம் வைக்கிறார்கள்.

இந்தப் பைத்தியம் புதிதில்லை. பிரான்சைச் சேர்ந்த உடலியல் அறிஞர் எத்தியேன் ழூல் மாரே, பறவை எப்படிச் சிறகடிக்கிறது என்று அறிய 1882-இல் துப்பாக்கி வடிவில் ஒரு கேமரா செய்தார். தோளில் வைத்துக் குறிபார்த்து விசையை இழுத்தால் நொடிக்கு 12 படம். இத்தாலியில் நேப்பிள்ஸ் பக்கத்துக் கடற்கரையில் அதை வைத்துக்கொண்டு பறவைகளைக் குறிபார்த்துத் திரிந்தார். சத்தமும் இல்லை, ஒரு பறவையும் விழவில்லை, ஆனால் மனிதர் மட்டும் மகிழ்ச்சியாக இருக்கிறார். ஊர்க்காரர்கள் கிறுக்கன் என்றே முடிவு கட்டினார்களாம். ஆவடியில் எனக்குக் கிடைத்த பார்வைகளை எண்ணும்போது மாரேமீது தனிப் பாசம் வருகிறது.

எச்சம் போட்டால் எழும்பும்

கழித்தல் கணக்கை வெல்ல எனக்கிருந்த ஒரே வழி, பறவை பாய்வதற்கு முன்பே அழுத்துவது. அதாவது அது என்ன செய்யப் போகிறது என்று அதற்கு முன்னால் நமக்குத் தெரிய வேண்டும். ஜோசியம்போல் தோன்றும். பறவைகள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத்தான் செய்கின்றன.

முதல் பாடம் நாகரிகமானது இல்லை. கிளையில் உட்கார்ந்திருக்கும் பருந்தோ கொக்கோ எச்சம் போட்டால் பெரும்பாலும் அடுத்த சில நொடியில் கிளம்பும். வெண்மார்பு மீன்கொத்தி பாயும் முன் தலையை மேலும் கீழும் ஆட்டிக் குறிபார்க்கும். நாமக்கோழி, முக்குளிப்பான், நீர்க்காகம் மூன்றும் நின்ற இடத்திலிருந்து எழும்பத் தெரியாதவை. தண்ணீர்மேல் தடதடவென்று ஓடித்தான் கிளம்பும். அந்த ஓட்டம்தான் படம். கூழைக்கடா இரண்டு காலையும் சேர்த்துத் தண்ணீரை உதைத்து உதைத்து எழும்பும். ஒவ்வோர் உதைக்கும் ஒரு ஜோடித் தெறிப்பு. ஊசிவால் வாத்து மாதிரியானவை இதற்கு நேரெதிர். வெடித்ததுபோல் நேர் மேலே எகிறும். அதற்குச் சட்டத்தில் மேலே இடம் விட்டுவைக்க வேண்டும். இல்லாவிட்டால் தலையில்லா வாத்து கிடைக்கும். என்னிடம் நிறைய இருக்கின்றன.

பச்சைப் பஞ்சுருட்டான் மின்கம்பியில் எந்த இடத்தை விட்டுப் பறந்ததோ அந்த இடத்துக்கே திரும்பிவரும். தேனீயைக் கம்பியில் நாலு சாத்து சாத்திக் கொடுக்கை நீக்கிவிட்டுத்தான் விழுங்கும். பறக்கும் பஞ்சுருட்டானைத் துரத்துகிறவன் ஏமாளி. கம்பியில் ஃபோகஸ் வைத்துவிட்டுக் காத்திருக்கலாம். மீசை ஆலாக்கள் குளிர்காலத்தில் ஏரிமேல் வயல் உழுகிறமாதிரி போய்ப்போய்த் திரும்பும். மூன்று சுற்று வெறுமனே பார்த்தால் நாலாவது சுற்றில் எங்கே குனியும் என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

ஆள்காட்டி கத்துகிறதா, நாமக்கோழிகள் திடீரென்று ஒன்றோடொன்று நெருங்கிக் கறுப்புத் திட்டாகின்றனவா? கேமராவை உடனே வானத்துக்குத் தூக்க வேண்டும். சேற்றுப்பூனைப் பருந்து வந்துகொண்டிருக்கிறது.

காற்றைப் பற்றி யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. இரண்டு வருடம் வீணான பிறகு நானாகக் கண்டுகொண்டேன். பறவை எழும்புவதும் இறங்குவதும் காற்றை எதிர்த்துத்தான், விமானம் மாதிரி. மார்கழி, தை மாதங்களில் வெயில் ஏற ஏற வடகிழக்கிலிருந்து வாடை வீசத் தொடங்கும். காலைச் சூரியனும் கிழக்குப் பக்கம். கிழக்குக் கரையில் சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்றால், இறங்கும் பறவை முகத்தில் வெளிச்சத்தோடு நம்மை நோக்கி வரும். அதே ஏரியில் ஆனி, ஆடியில் மேல்காற்று. அதே இடத்தில் நின்றால் முதுகும் வாலும்தான் கிடைக்கும். “இந்த ஏரியில் ஒண்ணும் இல்லப்பா” என்று சொல்லிவிட்டுப் போனவர்களில் பாதிப்பேர் தப்பான கரையில் நின்றவர்கள். நான் உட்பட.

இதையெல்லாம் எழுதும்போது மா. கிருஷ்ணன் நினைவுக்கு வராமல் இருக்க மாட்டார். ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதிய மாதவையாவின் மகன், 1912-இல் பிறந்து 1996-இல் மறைந்தவர், மயிலாப்பூர்வாசி. ‘ஸ்டேட்ஸ்மன்’ இதழில் 1950 முதல் சாகும்வரை இயற்கை பற்றி எழுதியவர். தமிழிலும் எழுதினார்; அக்கட்டுரைகளைத் தியடோர் பாஸ்கரன் ‘மழைக்காலமும் குயிலோசையும்’ என்று தொகுத்திருக்கிறார். வண்ணப்படம் பரவலான பிறகும் அவர் கருப்பு வெள்ளையை விடவில்லை. வெவ்வேறு கேமராக்களின் உறுப்புகளைச் சேர்த்துக் கட்டிய ஒரு கனத்த பெட்டிக்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று பெயர் வைத்துச் சுமந்தார். பறவையின் கண்ணைத் தானே தேடிப்பிடிக்கும் ஃபோகஸ் கிடையாது, நொடிக்கு 20 படம் கிடையாது. விலங்கின் பழக்கம் அத்துப்படியாகத் தெரிந்தவருக்கு அவை தேவைப்படவும் இல்லை. காகம், அணில், வீட்டுப் பல்லி என்று சாதாரணங்களை ஆயுள் முழுக்கப் பார்த்த ஒருவரின் விரல், எந்த நொடியில் அழுத்த வேண்டும் என்பதை மூளையைக் கேட்காமலே தெரிந்துவைத்திருக்கும்.

பாய்ச்சலுக்கு முந்தைய அந்த அரை நொடியையும் இன்றைய கருவி விற்கத் தொடங்கிவிட்டது. 2016-இல் ஒலிம்பஸ் கொண்டுவந்த வசதி இப்போது பல நிறுவனக் கேமராக்களில் உண்டு. பொத்தானைப் பாதி அழுத்தியதுமே கேமரா ரகசியமாகப் படமெடுத்து நினைவில் சுழற்றிக்கொண்டிருக்கும்; முழுதாக அழுத்தும்போது, அதற்கு முந்தைய நொடியில் நடந்ததையும் சேர்த்துக் கொடுக்கும். பறவை பாய்ந்த பிறகு அழுத்தினாலும் பாய்ந்த படம் கிடைக்கும். ஏமாற்று வேலை என்று நான் சொல்ல மாட்டேன். கையில் காசிருந்தால் நாளைக்கே வாங்குவேன். ஆனால் நண்பர் ஒருவர் அந்தக் கேமராவோடு வந்த முதல் வாரமே ஒன்றைக் கவனித்தேன். அவர் பறவையைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு மெமரி கார்டில் எவ்வளவு இடம் மீதி என்று பார்க்கத் தொடங்கியிருந்தார். ஒரு காலையில் நாலாயிரம் படம். ராத்திரி அழிக்கிற வேலைக்கு அவர் மனைவியும் உட்கார வேண்டியிருந்தது.

தாமரை மூடினால்

செம்பரம்பாக்கம் வேறு மாதிரி. முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி, நீர்மட்டம் 24 அடி. இந்த எண்களைச் சென்னைக்காரர்கள் 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு மனப்பாடமாகச் சொல்வார்கள். ஏரி நிரம்பிவிட்டது என்று செய்தி வந்தால் ஊருக்கு நிம்மதி, எங்களுக்குச் சோர்வு. நிறைந்த ஏரியில் பறவைகள் நடுவில் எங்கோ மிளகுபோல் மிதக்கும். மாசி, பங்குனியில் தண்ணீர் இறங்கி ஓரத்தில் சேறு தெரியும்போதுதான் நெடுங்கால் உள்ளான் வந்து நிற்கும். ஒதுங்கிய குட்டைகளில் மீன் அடைபட்டதும் நாரையும் கூழைக்கடாவும் மொய்க்கும். பறவைகள் பந்தியில் உட்கார்ந்தால் தள்ளுமுள்ளு இருக்கும். தள்ளுமுள்ளு இருந்தால் படம் இருக்கும். குடிதண்ணீர் குறைவதற்காக மனதுக்குள் காத்திருப்பது கொஞ்சம் குற்ற உணர்ச்சி தரத்தான் செய்கிறது. வெளியே சொல்வதில்லை.

ஏரிகளில் என்னை அதிகம் வருத்துவது வேறு ஒன்று. கழிவுநீர் கலந்த ஏரியில் ஆகாயத்தாமரை கொழுக்கும். அது கரையிலிருந்து கரைவரை மூடிவிட்டாலும் பறவை இருக்கத்தான் செய்யும். நீலத் தாழைக்கோழி அதன்மேல் நடக்கும், இலைக்கோழி நீள விரலைப் பரப்பி ஓடும், மடையான் பதுங்கும். பார்ப்பவருக்கு ஏரி பசுமையாக, உயிரோடு இருப்பதாகத் தோன்றும். ஆனால் மேலேயிருந்து மீனைக் கண்ணால் பார்த்துப் பாயும் பறவைக்குத் திறந்த தண்ணீர் வேண்டும். கருப்பு வெள்ளை மீன்கொத்தி, ஆலா, குளிர்காலத்தில் எப்போதாவது வரும் விராலடிப்பான்: தண்ணீர் மூடினால் முதலில் கிளம்புகிறவை இவை. வேகமான பறவைகள் போய், மெதுவான பறவைகள் மிஞ்சும். என் பழைய படக் கோப்புகளைத் தேதிவாரியாகத் திறந்தால், ஓர் ஏரி எந்த வருடம் மூடியது என்று சொல்லிவிட முடிகிறது. அந்த வருடத்திலிருந்து என் ஷட்டர் வேகம் குறைந்திருக்கிறது.

கொரட்டூரில் ஊர் மக்களே இயக்கம் அமைத்து, கழிவுநீருக்கு எதிராகப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனார்கள். பொங்கலை ஒட்டி 2015 முதல் தமிழகப் பறவை ஆர்வலர்கள் நடத்தும் கணக்கெடுப்பில் பக்கத்து ஏரியில் நின்று எண்ணி அனுப்ப யாருக்கும் தடையில்லை. பள்ளிக்கரணையும் வேடந்தாங்கலும் 2022-இல் ராம்சார் பட்டியலில் ஏறின. எங்கள் மேற்குப் பக்க ஏரிகளுக்கு அந்த மரியாதை கிடையாது. ஏரிகளின் இந்த நிலையை மறைக்கும் ஒரு பொய் நம் படங்களிலும் உண்டு. மீன்கொத்தியின் அலகு, தெறிக்கும் துளி, பின்னணியில் மங்கிய பச்சை. அந்தப் பச்சைக்கு இடப்பக்கம் இருந்த சாக்கடைக் குழாயை வெட்டித் தள்ளியது நான்தான்.

மதிலும் வலையும்

ஆவடியில் இன்னொரு விசேஷம். இது ராணுவ ஊர். ‘விஜயந்தா’ டாங்கி 1965-இல் இங்கிருந்துதான் உருண்டு வந்தது. எந்தத் தெருவில் திரும்பினாலும் ஒரு மதில், மதில்மேல் முள்கம்பி, கம்பிமேல் சரியாக ஒரு கரிச்சான். நீள லென்ஸை அந்தத் திசையில் தூக்கினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. ஒருமுறை கரும்பருந்தைத் தொடர்ந்து கேமராவைச் சுழற்றியபோது பருந்து ஒரு மதிலுக்கு மேலே போய்விட்டது, நானும் போய்விட்டேன். காவலர் வந்தார். அடையாள அட்டை, கேள்விகள், படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்ப்பது. நாற்பது படம் தாண்டியதும் அவருக்கே அலுத்துவிட்டது. “எல்லாமே வால்தானே இருக்கு” என்றார். அன்றிலிருந்து மதில் இருக்கும் திசையில் பறவை என்ன சாகசம் செய்தாலும் கேமரா இறங்கிவிடும். அவர் வேலை அது, நியாயம்.

நம் ஆட்களிடம் எனக்குள்ள மனத்தாங்கல் பெரிது. பறக்கும் படம் வேண்டும் என்பதற்காகக் கல்லெறிந்து கூட்டத்தைக் கிளப்புகிறவர்கள் இருக்கிறார்கள். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வந்து இளைப்பாறும் நீலச்சிறகி ஒவ்வொரு தடவை எழும்பும்போதும் திரும்பிப் போகச் சேர்த்துவைத்த கொழுப்பில் கொஞ்சம் கரைகிறது. கிளம்பச் செய்த படத்தில் எல்லாப் பறவையும் முதுகைக் காட்டித்தான் ஓடும், பார்த்தவுடன் தெரிந்துவிடும். கூட்டருகே போய் நிற்பது அதைவிட மோசம். கூட்டையும் முட்டையையும் சேதப்படுத்தினால் 1972 வன உயிரினச் சட்டப்படி அது வேட்டை.

பறவையைக் கலைக்காமலே பாய்ச்சலைப் பிடித்தவர் முன்பே உண்டு. சங்க நூலான சிறுபாணாற்றுப்படையில் ஒரு மீன்கொத்தி வருகிறது. அதன் பெயர் அங்கே சிரல். பூத்த காஞ்சி மரக் கொம்பில் ஏறி, ஆழமான நீரைப் பார்த்தபடி நெடுநேரம் இருந்து, மீனைக் கொத்திக்கொண்டு போகிறது. போகிற வேகத்தில் அதன் நகம் தாமரை இலையைக் கிழித்த தழும்பையும் புலவர் விட்டுவைக்கவில்லை. பாடியவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். இடைக்கழிநாடு இன்றும் செங்கல்பட்டு மாவட்டத்தில், மரக்காணம் போகிற வழியில் இருக்கிறது. ஷட்டரும் இல்லை, லென்ஸும் இல்லை. பாய்ச்சலுக்கு முந்தைய காத்திருப்பையும் பிந்தைய வடுவையும் வைத்து நடுவில் உள்ள நொடியைக் காட்டிவிட்டார். நானோ வளையத்தோடு நின்றுவிட்டேன்.

கடைசியில் அந்தப் படம் கிடைத்தது பருத்திப்பட்டில் இல்லை. போன பங்குனியில், செம்பரம்பாக்கத்து ஓரம். ஒரு மீனவர் வலைக்கு ஊன்றிய கழியில் மீன்கொத்தி உட்கார்ந்து உட்கார்ந்து எழுவதை இரண்டு காலை வெறுமனே பார்த்துவிட்டு, மூன்றாம் நாள் காலை கேமராவைத் திறந்தேன். அந்தரத்தில் நின்றது. சிறகடிப்பு ஒரு கணம் மாறியது. எப்படி என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அழுத்திவிட்டேன். பதினொரு படம். ஏழாவதில் அது தண்ணீரிலிருந்து மேலே வருகிறது, அலகின் குறுக்கே மீன், பின்னால் கயிறுபோல் தண்ணீர்.

கரையேறிய மீனவரிடம் ஓடிப்போய்க் காட்டினேன். திரையைக் கண்ணருகே வாங்கிப் பார்த்தார். பெரிதாக்கச் சொன்னார். பெரிதாக்கினேன். பறவையை அவர் பார்க்கவே இல்லை.

“ஜிலேபிக் குஞ்சு” என்றார். “எந்தப் பக்கம் தம்பி எடுத்துச்சு?”

காட்டினேன்.

“அங்கயா கெடக்குது? நாளைக்கு வலைய அந்தாண்ட போட்டுக்கறேன்.”